தரங்கம்பாடி ஏன் அமைதியா இருக்கு?

போன மாசம் சென்னையிலிருந்து எங்க பெரியப்பா பேரன் போன் பண்ணினான். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபது வருஷமா வேலை பார்க்கிறவன்.

"சித்தப்பா, பொறையார் அத்தை ஊர்ப்பக்கம் அஞ்சு சென்ட் இடம் கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லுங்களேன். போன தடவை தரங்கம்பாடி போயிருந்தோம். சின்ன ஊரு, எதிரே கடல், ஒரு சத்தம் இல்லை. இன்னும் நாலஞ்சு வருஷத்தில் வேலையை விட்டுட்டு அங்கேயே போய் இருந்துடலாம்னு பார்க்கிறேன்" என்றான்.

எங்க அக்காவைப் பொறையாரில்தான் கட்டிக் கொடுத்தோம். தரங்கம்பாடியும் பொறையாரும் ஒட்டினாப்போல இருக்கிற ஊர்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் போக வர இருக்கிறேன். அதனால்தான் என்னைக் கேட்டான். இடத்து விலை விசாரிக்கிறது பெரிய வேலை இல்லை. ஆனா அவன் "ஒரு சத்தம் இல்லை" என்று சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டது. அந்த ஊர் ஒரு காலத்தில் சத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சத்தம் எப்போ, எப்படிப் போனதுன்னு எழுதலாம் என்று தோன்றியது.

அமைதி கேட்கிறவனை நான் குறை சொல்ல மாட்டேன். நானே அரியலூர் மாவட்டத்துக்காரன், கொள்ளிடக்கரை. அரியலூர் ரோட்டில் ஏறிப் பாருங்க, ராத்திரி பகல் இல்லாமல் சுண்ணாம்புக்கல் லாரி. புழுதியில் ரோட்டோரத்துப் புளியமரமே வெள்ளையாத்தான் நிற்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பிள்ளைகளைக் கூப்பிட ரோட்டுக்கு ஒரு ஆள் போய் நின்றாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தச் சுண்ணாம்புக்கல்லே பழைய கடல்தான். சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தி கடல் இங்கே உள்ளே ஏறி வந்து, பல கோடி வருஷம் கிடந்துவிட்டுப் பின்வாங்கியிருக்கிறது. அரியலூர் சுத்துப்பட்டில் தோண்டினால் கல்லாகிப்போன கிளிஞ்சல் வரும். பெரம்பலூர் மாவட்டம் காரையில் நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட்டு கிடைக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லான மரம் ஒன்று படுத்திருக்கிறது; 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் அதை அடையாளம் கண்டார். ஆக நாங்களும் ஒரு காலத்துக் கடற்கரைக்காரர்கள்தான். கடல் போன பிறகு ஊர் அமைதியாகத்தான் கிடந்தது. அந்தக் கடல் விட்டுவிட்டுப் போனதைத்தான் இப்போ வெட்டிச் சிமெண்டாக்கி, சென்னையில் பன்னிரண்டு மாடி கட்டுகிறார்கள். அந்த மாடியில் குடியிருக்கிறவனுக்குத்தான் இப்போ கடற்கரையில் அஞ்சு சென்ட் வேணுமாம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

தரங்கம்பாடி என்றால் அலை பாடுகிற இடம் என்று எல்லாரும் சொல்வார்கள். கல்வெட்டில் இருக்கிற பழைய பேர் சடங்கன்பாடி. குலசேகரப்பட்டினம் என்றும் ஒரு பேர் உண்டு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1305 வாக்கில் கட்டின மாசிலாமணிநாதர் கோயில் கடற்கரையிலேயே இருக்கிறது. அதன் முன்பக்கம் கடலுக்குள் போய்விட்டது. நான் சின்னப் பையனாகப் போனபோது அலை வந்து கருங்கல்லில் மோதித் திரும்பும். அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நிற்கும். பட்டினம் என்று பேர் வைத்திருக்கிறான் பாருங்க. வெள்ளைக்காரன் வருவதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே அது வியாபாரம் நடந்த ஊர்.

பிறகு 1620. டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுடைய ஆட்கள் கப்பலில் வந்தார்கள். தலைமை ஓவ கெட்டே. அவருக்கு முன்னால் வந்த ரோலண்ட் கிராப்பே என்பவருடைய கப்பலை காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசியர் மூழ்கடித்துவிட்டார்கள். தப்பித்த கிராப்பே தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் சபைக்குப் போய்ச் சேர்ந்து பேச்சை ஆரம்பித்து வைத்தார். ரகுநாத நாயக்கர் ஊரைக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை, வருஷா வருஷம் கட்ட வேண்டிய தொகை பேசித்தான் கொடுத்தார். நம்ம பாஷையில் சொன்னால் குத்தகை. டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பின கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. குத்தகைச் சீட்டைத் தங்கத்தில் எழுதின ஒரே ஜமீன்தாரர் அவராகத்தான் இருக்கும்! டேன்ஸ்பர்க் கோட்டை அப்போது எழும்பினதுதான்.

இப்போ சொல்லப்போறது எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

டென்மார்க்கில் கம்பெனிக்குப் பணம் தீர்ந்தது. ஐரோப்பாவில் சண்டை வேறு. 1639இல் அங்கிருந்து கிளம்பின கப்பலுக்குப் பிறகு அடுத்த கப்பல் தரங்கம்பாடிக்கு வந்தது 1669இல். நடுவில் முப்பது வருஷம். கம்பெனியையே 1650இல் இழுத்து மூடிவிட்டார்கள். இங்கே கோட்டையில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருத்தராகச் செத்தார்கள், இல்லை ஊரைவிட்டுப் போனார்கள். 1655 முதல் மிச்சம் ஒரே ஆள். பேர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே.

அந்த ஒரு ஆள் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் கோட்டையில் டென்மார்க் கொடியை இறக்காமல் வைத்திருந்தார். குத்தகை பாக்கி என்று தஞ்சாவூர் நாயக்கர் படை வந்து முற்றுகை போட்டது, ஒரு தடவை இல்லை, பல தடவை. இவர் வங்காள விரிகுடாவில் போகிற கப்பல்களைப் பிடித்து, அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார். அப்படியே நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். கடற்கொள்ளை என்றால் கடற்கொள்ளைதான், அதை வெள்ளையடிக்க வேண்டாம். ஆனா தினமும் அந்தக் கோட்டை மதில் மேல் நின்று கிழக்கே பார்த்திருப்பாரே, ஒரு பாய்மரம் தெரியுமான்னு! பதினாலு வருஷம். 1669இல் "ஃபேரோ" என்ற கப்பல் வந்தபோதுதான் அந்தக் காத்திருப்பு முடிந்தது.

தரங்கம்பாடியில் முதல் அமைதி அதுதான். கப்பல் வராத அமைதி. அதை அனுபவிச்சவருக்கு அது சுகமா இருந்திருக்கும்னு எனக்குத் தோணலை.

அதற்கப்புறம் ஊர் பிழைத்துக்கொண்டது. தஞ்சாவூர்ச் சீமைத் துணி ஏற்றுமதி. 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்குவும் புளுட்சோவும் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் ஜெர்மன்காரர்கள், அனுப்பினது டென்மார்க் ராஜா. சீகன்பால்கு மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்து எழுதிப் படித்தார் என்பார்கள். 1712இல் அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713இல் வந்தன. 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. எழுத்து பெரிசாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சீஸ் டப்பாவில் வந்த ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. காகிதமும் வெளியே வாங்கிக் கட்டுப்படியாகாமல் பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டார்கள். கடுதாசிப் பட்டறை என்கிற பேர் அங்கே இன்னும் இருக்கிறது. முதல் தடவை அக்கா வீட்டுக்காரர் என்னை அந்தப் பக்கம் கூட்டிப்போய், "இங்கதாண்டா காயிதம் அடிச்சாங்க" என்று காட்டியபோது எனக்கு அதன் அருமை தெரியவில்லை. அங்கே ஒரு வேப்பமரமும் இரண்டு ஆடும்தான் நின்றன.

எங்க அரியலூர் மாவட்டத்துக்கும் தரங்கம்பாடிக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியாது. எங்களுக்கு மேற்கே கொள்ளிடக்கரையில் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் இருந்து திருக்காவலூர் என்று பேர் வைத்துப் பாடின ஊர். இத்தாலிக்காரர், கத்தோலிக்கர். தரங்கம்பாடிக்காரர்கள் லுத்தரன். தரங்கம்பாடியில் அச்சான புத்தகங்கள் கையோடு கையாகத் தஞ்சாவூர்வரை உள்நாட்டுக்குள் போயின. தஞ்சாவூர் ராஜா படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு லுத்தரன் பக்கம் போய்விட்டார். வீரமாமுனிவர் சும்மா இருப்பாரா? 1728இல் "வேத விளக்கம்" எழுதினார். "பேதகமறுத்தல்", "லுத்தேரினத்தியல்பு" என்று பதிலுக்குப் பதில். அங்கே அச்சு, இங்கே பனை ஓலை. கடற்கரையில் ஒருத்தர் தமிழில் திட்ட, கொள்ளிடக்கரையில் ஒருத்தர் தமிழில் திருப்பித் திட்ட. ரெண்டு வெள்ளைக்காரர் கூட்டம் சண்டை போட்டதில் தமிழ் உரைநடைக்கு நல்ல தீனி கிடைத்தது. அந்தக் காலத்தில் தரங்கம்பாடி எழுப்பின சத்தம் நூறு கிலோமீட்டர் தாண்டி எங்க கரைக்கே கேட்டிருக்கிறது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சுதந்திரப் போர் நடந்த வருஷங்களில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கடலில் அடித்துக்கொண்டபோது, யார் பக்கமும் சேராத டென்மார்க் கொடிக்கு யோகம் அடித்தது. மற்ற கொடிக்குப் பயந்த சரக்கெல்லாம் தரங்கம்பாடிக் கப்பலில் ஏறியது. இங்கிலீஷ் கம்பெனி உத்தியோகஸ்தர்களே சம்பாதித்த பணத்தை இந்தக் கப்பல்கள் வழியாக ஊருக்கு அனுப்பினார்கள். இப்போ நீங்க போட்டோ எடுக்கிற கவர்னர் பங்களா, ராஜ வீதியின் பெரிய வீடுகள், 1792 என்று வருஷம் போட்ட நகர வாசல், எல்லாம் அந்தப் பணக்காலத்தை ஒட்டினவை.

பிறகு இறக்கம். 1801இல் ஒரு தடவை, 1808லிருந்து 1815 வரை இன்னொரு தடவை ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுத்தபோது வியாபாரம் கையைவிட்டுப் போயிருந்தது. 1845இல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். நிலம் விற்கிறவன் கடைசியா ஒரு தடவை வரப்பில் நடந்துவிட்டுத்தான் பத்திரம் போடப் போவான். கடைசி கவர்னர் பீட்டர் ஹான்சன் அப்படி நடந்தாரோ என்னவோ.

கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் கச்சேரி தரங்கம்பாடியில் இருந்தது. அதனால் வக்கீல், குமாஸ்தா, சாப்பாட்டுக்கடை என்று ஊர் ஓடியது. 1860 வாக்கில் கச்சேரி தஞ்சாவூருக்குப் போனது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. ரயில் எங்கே நிற்குதோ சரக்கு அங்கே போகும். தரங்கம்பாடித் துறைமுகம் செத்தது அப்போதுதான். பீரங்கி ஒன்றும் சுடவில்லை, தண்டவாளம் பக்கத்து ஊருக்குப் போனது, அவ்வளவுதான்.

தரங்கம்பாடிக்கும் ரயில் வந்தது, 1926இல். மாயவரத்திலிருந்து மீட்டர் கேஜ் கிளைப்பாதை. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக முப்பது கிலோமீட்டர். இதில் நான் போயிருக்கிறேன். அணைக்கரைப் பாலம் தாண்டி பஸ்ஸில் கும்பகோணம், அங்கிருந்து மாயவரம், மாயவரத்தில் இந்த ரயில். அக்காவுக்கு முதல் பிரசவம் முடிந்து கொண்டுபோய் விட்டபோது அம்மா மடியில் குழந்தை, என் மடியில் ஒரு மூட்டை பச்சரிசியும் பனங்கிழங்கும். எதிரே மீன்காரம்மாக்கள் காலிக் கூடையை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் தரங்கம்பாடி மீனை மாயவரம் கொண்டுபோய் விற்றுவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அவர்கள் பேச்சும் சிரிப்பும் வெற்றிலை எச்சிலும் சண்டையும்! குழந்தை அழுதால் ஒரு அம்மா வாங்கி மடியில் போட்டுக்கொண்டு தாலாட்டுவார். அந்தப் பெட்டி மாதிரி சத்தமான இடத்தை நான் பார்த்ததில்லை.

1986இல் அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். வருமானம் போதவில்லை என்றார்கள். தண்டவாளத்தையும் பிறகு பெயர்த்துக்கொண்டு போனார்கள். கூடைக்காரம்மாக்களுக்கு பஸ்ஸில் பெரிய மரியாதை இல்லை. மீன் நாத்தம் என்று கண்டக்டர் ஏற்ற மாட்டார், ஏற்றினாலும் கூடைக்குத் தனி டிக்கெட். சில பேர் தொழிலையே விட்டார்கள் என்று அக்கா சொல்லும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அக்கா சொன்னதை எழுதுகிறேன்.

கடைசியாக 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அலை வந்தபோது கரையில் மீனவர் தெருதான் முதலில். பொறையார் உள்ளே தள்ளி இருந்ததால் அக்கா வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, ஆள்கள்தான் வந்தார்கள். ஈரத்துணியோடு, சில பேர் துணியே சரியாக இல்லாமல். அக்கா இருந்த அரிசி எல்லாத்தையும் உலையில் போட்டது. மூன்றாம் நாள் நாங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு மரக்கால் என்று அரிசி சேர்த்து டெம்போவில் எடுத்துப் போனோம். பொறையார் கடைத்தெருவில் ஒரு ஆள் கூடச் சத்தமாகப் பேசவில்லை. அதற்கப்புறம் பல மாசம் அந்தப் பக்கம் மீன் வாங்க ஆள் இல்லை, பிடிக்கப் போகவும் ஆள் இல்லை. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடுகள் கட்டிக் கொடுத்தது. குடும்பங்கள் பல கடலைவிட்டு உள்ளே தள்ளிக் குடிபோயின. காலையில் விழித்தவுடன் கடலைப் பார்த்துக் காற்று எப்படி என்று சொல்கிற ஆள்கள், இப்போ அதற்கென்று நடந்து வர வேண்டும்.

கோட்டையைத் தொல்லியல் துறை எடுத்து அருங்காட்சியகம் ஆக்கி நாளாகிவிட்டது. பழைய வீடுகளை டென்மார்க்காரர்களும் இங்கே உள்ளவர்களும் சேர்ந்து அழகாகச் சரிபண்ணியிருக்கிறார்கள். கவர்னர் பங்களா முன்னால் போய் நின்றால் படத்தில் பார்த்த மாதிரியே இருக்கும். நல்ல வேலைதான், நான் மறுக்கவில்லை. வாசலுக்குள்ளே பள்ளிக்கூடம், ஆலயம், தங்கும் விடுதி இவற்றை விட்டால் குடியிருக்கிற வீடுகள் கொஞ்சம். பையன்கள் சென்னை, திருப்பூர், வளைகுடா. பெரிய வைத்தியம் என்றால் காரைக்கால் ஓட வேண்டும். சனி ஞாயிறு வெளியூர்க் கார் வரும். மற்ற நாளில் நிஜமாகவே ஒரு சத்தமும் இல்லை. பேரன் சொன்னது சரி.

அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இடமெல்லாம் இருக்குடா. நம்ம தெருவிலேயே நாலு வீடு பூட்டித்தான் கிடக்கு. ஆனா அவன் சத்தம் இல்லைன்னா சொன்னான்? ஐப்பசி கார்த்திகையில வந்து இருந்து பாக்கச் சொல்லு. ராத்திரி பூரா கடல் ஊளையிடும். கரண்டு போனா ரெண்டு நாள் வராது" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "வரட்டும், வரட்டும். வந்தா தெருவுல ஒரு விளக்கு எரியும்ல" என்றது.

அதை அப்படியே பேரனிடம் சொன்னேன். கூடவே, மாயவரம் தரங்கம்பாடி ரயிலை மறுபடி விடச் சொல்லி அந்தப் பக்கத்து ஜனங்கள் ரொம்ப வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், வந்தால் உனக்கும் போக வர வசதி என்றேன்.

"ரயில் வந்தா கூட்டம் வந்துடுமே சித்தப்பா, அப்புறம் அந்த அமைதி இருக்காதே" என்றான்.

எனக்குக் கூடைக்காரம்மாக்கள் ஞாபகம் வந்தது. தீபாவளி முடிந்து அவனைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். பனங்கிழங்கு சீசனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அரிசி மட்டும் எடுத்துப் போக வேண்டும்.